எறும்பு தேடி வந்த வம்சம்

தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த பிறகும் தங்கம்மா நகரவில்லை. தள்ளுவண்டியில் கிடந்த குழந்தையைக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அதன் தகப்பனைப் பார்த்தாள். மறுபடியும் குழந்தையைப் பார்த்தாள். ஈப்போவிலிருந்து வந்திருந்த அந்த இளம் தம்பதி, பணத்தை இப்போதே கேட்கிறாளோ என்று பையைத் துழாவத் தொடங்கினார்கள்.

"காது அப்பன் காது," என்றாள் தங்கம்மா. "மூக்கு அம்மா வழி. இந்த மொறைப்பு மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியல. அப்பாவ பெத்த பாட்டி கொஞ்சம் கோவக்காரங்களோ?"

குழந்தையின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தகப்பன் சிரிக்கவில்லை, முறைத்தான். அவன் முறைப்பும் குழந்தையின் முறைப்பும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன. தங்கம்மா திருப்தியோடு அடுத்த மேசைக்குப் போனாள்.

தேயிலை எஸ்டேட் சரிவில் சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டியிருக்கும் கண்ணாடிச் சுவர் தேநீர்க்கடையில் அவளுக்கு வேலை. கொழுந்து பறித்துப் பறித்து முழங்கால் தேய்ந்துபோனதால் மேனேஜர் அவளை இங்கே மாற்றினார். வந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பச்சை மலையைப் பார்ப்பார்கள். தங்கம்மா வந்தவர்களைப் பார்ப்பாள். யாருடைய நெற்றி யாரிடமிருந்து வந்தது, யாருடைய நடை யாருக்குப் போயிருக்கிறது என்று சொல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. வெள்ளைக்காரர்களையும் விடுவதில்லை. பாஷை தெரியாத இடத்தில் தன் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு, குழந்தையின் தாயை நோக்கி விரலை நீட்டுவாள். அவர்களும் புரிந்துகொண்டு தலையாட்டுவார்கள்.

வெளியாருக்கு அவள் சொல்லும் தீர்ப்பில் ஓரளவு நியாயம் இருக்கும். சொந்த வீட்டில் ஒரே சட்டம்தான். நல்லதெல்லாம் தன் வம்சம், மற்றதெல்லாம் புருஷன் வேலப்பனின் வம்சம். மகள் பூவிழிக்கு இடுப்பைத் தாண்டிய கூந்தல். அது தங்கம்மா வழி. பூவிழி கணக்கில் தோற்றாள். அது வேலப்பன் வழி. ஒருமுறை வீட்டுப் பூனை பக்கத்து வீட்டு மீனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "நல்ல பூனதான். உங்க வம்சத்தோட பழகிக் கெட்டுப்போச்சு," என்றாள்.

வேலப்பன் பதில் சொல்வதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இலையை உருட்டும் இயந்திரத்தின் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றதில் அவனுக்கு ஒரு காது மந்தம். எந்தக் காது என்று கேட்டால், பெண்டாட்டி எந்தப் பக்கம் நின்று பேசுகிறாளோ அந்தப் பக்கத்துக் காது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள்.

இந்த வழக்கு இப்படியே சிரிப்பாக ஓடியிருக்கும். ஆனால் பூவிழிக்குப் பதினாறு வயதில் இனிப்பு நீர் வந்தது. இருபத்தொன்று ஆகியும் ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கு முன்னாலும் அவள் சட்டையைத் தூக்கி வயிற்றில் இன்சுலின் ஊசி குத்திக்கொள்கிறாள். கம்போங் ராஜாவில் ஒரு பூத்தோட்டத்தில் செவ்வந்திப் பூவைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. ஊசி சில நாள் அதிகமாக வேலை செய்து சீனியை ஒரேயடியாக இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். ஒருநாள் பூப்பெட்டி மேலேயே சரிந்துவிட்டாள். "இன்னொரு வாட்டி இப்படி விழுந்தா வீட்டுல இருந்துக்கம்மா," என்று முதலாளி சொல்லிவிட்டார். தங்கம்மா அன்றைக்கும் வேலப்பனைத்தான் திட்டினாள்.

அப்போதுதான் டாக்டர் ஜூலியானா வந்தார். தலைநகர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்கிறவர். ரிங்லெட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். சின்ன வயதிலேயே இனிப்பு நீர் வந்தவர்களின் ரத்தத்தை எடுத்து, அவர்களுடைய செல்லுக்குள் எங்கே கோளாறு என்று தேடுகிற வேலை அவருடையது. பூவிழியின் ரத்தத்தைப் படித்துவிட்டு, தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஓர் அறைக்கு மூன்று பேரையும் வரச்சொல்லி உட்காரவைத்துப் பேசினார்.

"பூவிழிக்குக் கணையத்துல இன்சுலின் சுரக்கிற செல்லு சாகலம்மா. உயிரோடதான் இருக்கு. ரத்தத்துல சீனி ஏறினா அதுக்குத் தெரிய மாட்டேங்குது, அவ்வளவுதான். தூங்குதுன்னு வச்சிக்குங்க. பழைய மாத்திர ஒண்ணு இருக்கு. அது போய்த் தட்டி எழுப்பும். ஊசியே வேணாம்."

"தூங்குதா?" தங்கம்மா நாற்காலி நுனிக்கு வந்தாள். "அப்பன்னா சந்தேகமே இல்ல டாக்டரம்மா. இவரு வம்சந்தான்."

அந்த நேரம் பார்த்து வேலப்பன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தது அவனுக்குச் சாதகமாக இல்லை.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே சொன்னார். பூவிழியின் மரபணு ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. ஆனால் அது இதுவரை எங்கேயும் பார்க்காத புதுப் பிழை. நோய்க்கு அதுதான் காரணமா, இல்லை சும்மா அங்கே நிற்கிறதா என்று தெரியாது. குடும்பத்தில் நோய் உள்ளவர்களிடம் எல்லாம் அதே பிழை இருந்து, நோய் இல்லாதவர்களிடம் இல்லாமல் போனால், குற்றவாளி அதுதான். அதற்கு இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களின் ரத்தமும் வேண்டும். உறுதி இல்லாமல் ஊசியை நிறுத்தினால் ஆபத்து.

இவ்வளவில் தங்கம்மாவின் மனதில் தங்கியது ஒரே கேள்வி. யார் வழி? முப்பது வருஷமாக அவள் தனி ஆளாக நடத்திவந்த ஆராய்ச்சிக்கு, கடைசியில் ஒரு பல்கலைக்கழகமே மெஷினோடு துணைக்கு வந்ததுபோல் இருந்தது.

வேலப்பன் பக்கத்து ஆட்களை அவளே வீடு வீடாகப் போய் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, எஸ்டேட் கோயில் மண்டபம். சீனி அளவையும் பார்க்கப்போவதால் பசியாறாமல் வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லாரும் குளித்து, திருநீறு பூசி, வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள்.

"யாரும் ஒண்ணும் சாப்பிடலியே?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல டாக்டர்," என்றாள் வேலப்பனின் அக்கா ருக்குமணி. "தேத்தண்ணி மட்டுந்தான்."

"தேத்தண்ணியா? பால், சீனி போட்டா?"

"அது இல்லாம எப்படி லா குடிக்கிறது?"

விசாரித்ததில் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பெரிய கோப்பை குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். சிலர் இரண்டு. தேத்தண்ணியையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று தேயிலைக்காட்டில் பிறந்த அவர்களுக்குத் தோன்றவே இல்லை. எஸ்டேட்டில் பிறந்த டாக்டர் தன் நெற்றியிலேயே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். மரபணுவுக்கான ரத்தம் அன்றைக்கே எடுக்கப்பட்டது. சீனி பார்க்க அடுத்த வாரம் மறுபடி வரவேண்டியதாயிற்று.

வரிசைக் கடைசியில் மூணாவது லயன் வீட்டு மாரியம்மா கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க வேலப்பனுக்கு என்ன மொறை?" என்று பெயர் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் கேட்டார்.

"அத்தை."

"அவங்கப்பா கூடப் பொறந்தவங்களா?"

"இல்ல."

"பெறகு எப்படி அத்தை?"

"இந்த எஸ்டேட்டுல எல்லாருக்கும் நான் அத்தைதான் லா!"

அவளைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் நர்ஸுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "குளிச்சிட்டு வந்தவள ஒரு ஊசிகூட குத்தாம அனுப்புறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று மாரியம்மா வாசல்வரை கேட்டுக்கொண்டே போனாள்.

"இப்ப உங்க பக்கம் சொல்லுங்கம்மா," என்று டாக்டர் தங்கம்மாவிடம் திரும்பினார்.

"எங்க பக்கம் தேவப்படாதும்மா. அது சுத்தமான வம்சம்." தங்கம்மா குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள், பெருமையைச் சொல்லும்போது அப்படித்தான் தாழ்த்துவாள். "எங்கப்பா ஆளு ஒல்லி. ஆனா லட்சுமி கடாட்சம் உள்ள ஒடம்பு. அவரு வீட்டுக்குப் பின்னால ஒண்ணுக்குப் போனா, அந்த எடத்துல எறும்பு வந்து மொய்க்கும். பக்கத்து வீட்டு ஆளுங்க போற எடத்துல ஒரு எறும்புகூட வராது. என் தம்பிக்கும் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். எறும்பே தேடி வந்த வம்சம்மா எங்களுது."

டாக்டரின் கையில் இருந்த பேனா நின்றது.

"உங்களுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தங்கம்மா யோசித்தாள். "இப்பதான் எல்லாருக்கும் பம்பு இழுக்குற கக்கூசு வந்துருச்சே. எறும்பு எங்கேருந்து பாக்கும்?"

டாக்டர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ரத்தத்துச் சீனி சிறுநீரில் இறங்கினால்தான் எறும்பு வரும் என்றார். பூவிழிக்கு இருப்பதாகச் சந்தேகப்படும் இந்த வகை நோயில் அது சின்ன வயதிலேயே இறங்கிவிடும் என்றார். யாரும் குண்டாக இருக்க வேண்டியதும் இல்லை என்றார். எல்லாவற்றையும் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

மண்டபத்தின் மறுகோடியிலிருந்து வேலப்பன் எழுந்து வந்தான். "என்ன டாக்டர் சொன்னீங்க? இன்னொரு வாட்டி சொல்லுங்க. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

தங்கம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நான் இன்னிக்கு ரத்தம் குடுக்க முடியாது. வெள்ளிக்கெழம."

"ஞாயித்துக்கெழமம்மா," என்றாள் பூவிழி.

"அப்ப கிருத்திகை," என்று சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டாள்.

வேலப்பன் பக்கத்து முடிவு வந்தது. அந்த எழுத்துப் பிழை ஒருவரிடமும் இல்லை. டாக்டர் போன் போட்டார். உங்கள் ரத்தமும் தம்பி ரத்தமும் கிடைத்தால்தான் மேலே போக முடியும் என்றார். தம்பி ஊரில் இல்லை என்றாள் தங்கம்மா. பிறகு தனக்குச் சளி என்றாள். தேநீர்க்கடையில் குழந்தைகள் வந்தால் கோப்பையை வைத்துவிட்டு, காதையும் மூக்கையும் பார்க்காமல் திரும்பி வந்தாள். என்னவோ நடக்கப்போகிறது என்று கடையில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நடந்தது ஒரு புதன்கிழமை. வேலை முடிந்து பேருந்தில் வந்த பூவிழி எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கவில்லை. தானா ராத்தா வரை போய்விட்டாள். பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சில் வியர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் தெரிந்த டிரைவர் ஒருவர் போன் செய்தார். தங்கம்மா கடை ஏப்ரனோடு ஓடினாள். மகள் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

அவள் கண் தெளியும்வரை தங்கம்மா சீனித் தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஊற்றினாள். தெளிந்த பிறகு, வழக்கம்போல, "எல்லாம் உங்கப்பன்..." என்று ஆரம்பித்தாள்.

"விடும்மா," என்றாள் பூவிழி. சோர்ந்த குரல். அதில் கோபம் இல்லை. "யாரு வம்சமா இருந்தா என்ன? குத்துறது என் வயித்துல."

சனிக்கிழமை தங்கம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்து, தம்பி மாடசாமி வீட்டுக்குக் கம்போங் ராஜாவுக்குப் போனாள். மாடசாமி காய்கறி லோரி ஓட்டுகிறவன். மூன்று பேர் சாப்பாட்டை ஒருவனே சாப்பிட்டும், துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டதுபோல் ஓர் உடம்பு. கதவைத் திறந்தது அவன் மனைவி செல்லம்மா.

"என்ன அண்ணி, தட்டோட வந்திருக்கீங்க? பூவிழிக்கு மாப்பிள பாத்தாச்சா?"

"இல்ல. தாய்மாமன் சீரு கேக்க வந்தேன்."

மாடசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். "மாமன் நான் இல்லாமயா? என்னக்கா வேணும்? பட்டுப் பொடவையா, சங்கிலியா?"

"ரத்தம்."

இரண்டு பேரும் தாம்பாளத்தைப் பார்த்தார்கள்.

"கொஞ்சந்தாண்டா. ஒரு சின்னப் போத்தல்," என்றாள் தங்கம்மா.

"என் ரத்தம் எதுக்குக்கா? நம்ம வம்சத்துலதான் வியாதியே கெடையாதே. நீதானே சொல்லுவ!"

அவன் கள்ளமில்லாமல்தான் கேட்டான். ஆனால் பக்கத்தில் செல்லம்மா நின்றாள். செல்லம்மாவின் பிள்ளைகளுக்குத் தெத்துப்பல் முளைத்தபோதும், பள்ளிச் சோதனையில் தோற்றபோதும், சாதாரணச் சளி பிடித்தபோதும், "எங்க பக்கம் இப்படிக் கெடையாதே" என்று சொல்லிவிட்டுப் போனவள் தங்கம்மா. தாம்பாளம் இப்போது கையில் கனத்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, தம்பியைப் பார்க்காமல் வாழைப்பழத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நம்ம அப்பா போன எடத்துல எறும்பு வந்துச்சே, அது லட்சுமி இல்லடா. இனிப்பு நீரு. உனக்கும் இருக்கும். எனக்கும் இருக்கும். என் மவளுக்கு நாந்தான் குடுத்திருக்கேன்."

செல்லம்மா உள்ளே போனாள். மாடசாமி தலையைச் சொறிந்தான்.

"ராத்திரில நாலஞ்சு வாட்டி எந்திரிக்கிறேன்க்கா."

"லோரி ஓட்டுற அலுப்புன்னு சொன்னீங்க!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

செல்லம்மா கோப்பையோடு வெளியே வந்தாள். தங்கம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சீனி போடல அண்ணி," என்றாள் செல்லம்மா. "இனிமே ஒங்க வம்சத்துக்குச் சீனி கெடையாது." பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "நிக்கிறீங்களே, நல்ல சட்டையா போடுங்க. என் புள்ளைங்களுக்கும் பாக்கணும்ல?" என்றாள். பத்துப் பதினைந்து வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த மனத்தாங்கலை அந்த ஒரு கோப்பையோடு முடித்துக்கொண்டாள்.

மாடசாமி சீர் என்ற சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்தம் கொடுக்க வேட்டி, வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டோடு வந்தான். நாற்காலியைக் கிழக்குப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னான். போத்தல் நிரம்பியதும், "போதுமா? இன்னும் வேணும்னா எடுத்துக்குங்க, ஒரே அக்கா மவ," என்றான். தங்கம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். அவளுடைய விரலில் சீனி பார்த்த நர்ஸ், மெஷினை ஒருமுறை தட்டிவிட்டு இன்னொரு விரலிலும் பார்த்தார். இரண்டு விரலும் சீனி ஏறியிருப்பதைத்தான் சொல்லின.

முடிவு வந்த நாளில், சேர்ந்தே கேட்கிறோம் என்று எல்லாரும் சம்மதித்ததால், டாக்டர் அதே ஆஸ்பத்திரி அறையின் வெள்ளைப் பலகையில் குடும்பத்தைப் படமாகப் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். எழுத்துப் பிழை உள்ளவர்களுக்கு மட்டும் உள்ளே கறுப்பாக நிரப்பினார். வேலப்பன் பக்கத்துச் சதுரமும் வட்டமும் கழுவிவைத்த தட்டுகள்போல் வெள்ளையாக இருந்தன. இந்தப் பக்கம் மாடசாமியின் சதுரம் கறுத்தது. தங்கம்மாவின் வட்டம் கறுத்தது. அதிலிருந்து ஒரு கோடு இறங்கி, பூவிழியின் வட்டமும் கறுத்தது.

"குற்றவாளி அதுதான். உறுதியாயிடுச்சு," என்றார் டாக்டர்.

அறையில் எல்லாரும் வேலப்பனைப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்த பதிலெல்லாம் அவன் தொண்டைக்கு வந்து நின்றது தெரிந்தது. அவன் எழுந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"டாக்டர், இந்தப் படத்த ஒரு போட்டோ எடுத்துக்கலாமா? தொழிற்சாலையில நாலு பேருக்குக் காட்டணும்."

"அது என் கையில இல்ல," என்று டாக்டர் தங்கம்மாவைக் காட்டினார். "அவங்க சரின்னு சொல்லணும்."

தங்கம்மா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, பூவிழிக்கு மாத்திர எப்பலேருந்து?"

"நாளைக்குக் காலையிலேருந்து. ரெண்டு நாள் இங்கயே தங்கட்டும், பாத்துப் பாத்து ஊசிய நிறுத்திடலாம். மாடசாமிக்கும் அதே மாத்திரதான். உங்களுக்கும்."

"அந்தக் கறுப்பு வட்டம் நானா?"

"ஆமாம்மா."

தங்கம்மா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காதோரம் பறந்த முடியை ஒதுக்கிவிட்டாள். பூவிழியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில் போய் நின்று, கறுப்பாக நிரப்பியிருந்த தன் வட்டத்தின்மேல் விரலை அழுத்தி வைத்து, மோவாயை நிமிர்த்திப் போனைப் பார்த்தாள்.